ஒரு நாட்டுக்கு இரண்டு சராசரியா?

பத்திரிகைத் தொழிலில் நான்கு தசாப்தங்களுக்கு மேல் கழித்த ஒருவனுக்கு, அவன் எழுதிய நல்ல கட்டுரைகளைவிட அவன் விட்ட பிழைகளே நன்றாக நினைவில் நிற்கின்றன. கட்டுரையைப் பாராட்டியவர் மறுநாளே மறந்துவிடுவார். பிழையைச் சுட்டிக்காட்டியவரின் குரலோ எளிதில் காதை விட்டு நீங்குவதில்லை. அத்தகைய பிழையொன்றைப் பற்றியும், அதன் பின்னால் எவ்வளவு நீண்ட வரலாறு இருக்கின்றது என்பதை நான் பின்னர் அறிந்துகொண்டது பற்றியும் இன்று எழுத விரும்புகின்றேன்.

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்டு மக்களின் வீட்டு வருமானத்தையும் செலவினத்தையும் அளவிட்டு அறிக்கை வெளியிடுவது வழக்கம். 2016ஆம் ஆண்டுக்குரிய அளவீட்டின் முடிவுகள் வெளியான வேளையில், ஆங்கிலத்தில் வந்த அந்தச் செய்தியைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாலை நேரம், பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய அவசரம். முதலாவது பந்தியில், இலங்கை வீடொன்றின் சராசரி மாத வருமானம் 62,237 ரூபா என எழுதினேன். நான்காவது பந்தியில், சராசரி மாத வருமானம் 43,511 ரூபா என எழுதினேன். செய்தி ஆசிரியர் பார்த்தார், ஒப்புநோக்குநர் பார்த்தார். எவர் கண்ணிலும் அது படவில்லை. பத்திரிகை அவ்வாறே வெளிவந்தது.

மறுநாட் காலை ஒரு தொலைபேசி அழைப்பு. வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். வயது எண்பதைக் கடந்திருக்கும். நான் பேரப்பிள்ளை கண்டவன் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

"தம்பி, நேற்றையப் பேப்பரிலை அந்த வருமானக் கணக்கை எழுதினது நீங்களோ?"

"ஓம் மாஸ்டர், நான்தான்."

"ஒரு நாட்டுக்கு இரண்டு சராசரி எப்படித் தம்பி வரும்? மேலை ஒரு சராசரி, கீழை ஒரு சராசரி. நடுவிலை பதினெண்ணாயிரத்துச் சொச்சம் ரூபாயைக் காணேல்லை. அதை எங்கை வைச்சிருக்கிறியள்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆங்கில அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் என் தவறு புலப்பட்டது. முதலாவது தொகைக்கு அவர்கள் இட்ட பெயர் வேறு. இரண்டாவது தொகைக்கு இட்ட பெயர் வேறு. முன்னையது நம் பாடநூல்களில் ‘இடை’ எனப்படுவது. பின்னையது ‘இடையம்’ எனப்படுவது. நான் இரண்டையும் ‘சராசரி’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டேன். அடுத்த நாள் உட்பக்கமொன்றின் மூலையில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிட்டோம். அதை எத்தனை பேர் வாசித்தார்கள் என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

இது வெறும் சொற்பிழைதானே என்று கருதும் வாசகர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் நுழைகின்றேன். ஓர் ஒழுங்கையில் ஏழு வீடுகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாத வருமானம் முறையே 30,000, 30,000, 35,000, 40,000, 45,000, 50,000 ரூபா. ஏழாவது வீட்டுக்காரர் மட்டும் பெருவணிகர். அவருக்கு 400,000 ரூபா. ஏழையும் கூட்டினால் 630,000. ஏழால் வகுத்தால் 90,000. இதுவே இடை, பேச்சுவழக்கில் நாம் சராசரி என்பது. அந்த ஒழுங்கையில் 90,000 ரூபா உழைக்கும் வீடு எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வருமானங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் 40,000. இது இடையம். அதிக தடவை வரும் தொகை எது என்று பார்த்தால் 30,000. இது ஆகாரம் எனப்படும். ஒரே ஒழுங்கை, மூன்று ‘நடு’க்கள். நாளை அந்தப் பெருவணிகரின் வருமானம் இருமடங்கானால், மற்ற ஆறு வீடுகளிலும் அடுப்பு எப்போதும்போலவே எரியும்; ஆனால் சராசரி மட்டும் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிடும். இடையமும் ஆகாரமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சிறுவர்கள் ஏறி விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இடை என்பது பலகை சமநிலையில் நிற்கும் புள்ளி. பாரமான ஒருவர் தூரத்தில் போய் அமர்ந்தால் அந்தப் புள்ளி அவர் பக்கமாக நகர்ந்துவிடும். இடையத்துக்குப் பாரம் ஒரு பொருட்டல்ல. அது தலைகளை மட்டுமே எண்ணுகின்றது.

இனி இச்சொற்கள் வந்த வழியைப் பார்ப்போம். ‘சராசரி’ தமிழ்ச் சொல் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். ‘சராசரம்’ என்ற வடசொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. அது சரியன்று. பாரசீக மொழியில் ‘சர்’ என்றால் தலை. ‘சராசர்’ என்றால் தலையிலிருந்து தலைவரை, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முழுவதும். அதிலிருந்து பிறந்த சொல் இந்திய மொழிகளிற் புகுந்தது. மராத்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றைக்கும் இதே சொல் இதே பொருளில் வழங்குகின்றது. நமக்கும் அது அந்த வழியாக வந்ததே.

ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக வழங்கும் ‘அவரேஜ்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. அது கடலிலிருந்து வந்தது. சேதமடைந்த சரக்கைக் குறித்த ஓர் அரபுச் சொல், மத்தியதரைக் கடற் துறைமுகங்களில் இத்தாலிய வடிவம் பெற்று, பின்னர் பிரெஞ்சு மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் சென்றது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. புயலில் அகப்பட்ட கப்பலைக் காப்பாற்றுவதற்காகச் சிலருடைய சரக்கைக் கடலில் எறியவேண்டி நேரும். அப்போது அந்த இழப்பு முழுவதையும் எறியப்பட்ட சரக்குக்குரியவரே தாங்கவேண்டுமா? அது நீதியாகாது. கப்பலும் எஞ்சிய சரக்கும் அந்த இழப்பினாலேயே தப்பின. ஆகவே எல்லோரும் தத்தம் பொருளின் பெறுமதிக்கேற்ப இழப்பைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ரோடுத் தீவினரின் கடற்சட்டம் என்று உரோமச் சட்டத் தொகுப்பிலேயே இடம்பெற்ற நியதி இது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சுயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ என்ற பெருங்கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டதே, அதன் பின்னரும் கப்பல் உரிமையாளர்கள் இதே நியதியின் கீழேயே செலவைச் சரக்குரிமையாளர்களோடு பங்கிட முற்பட்டனர். இழப்பைப் பங்கிடும் இந்தக் கணக்கின் பெயரே, 18ஆம் நூற்றாண்டளவில், எந்தத் தொகையையும் கூட்டிப் பங்கிட்டுக் காணும் நடுப்பெறுமானத்துக்கும் பெயராயிற்று.

இடையையும் இடையத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களோ உடன்பிறப்புகள். இரண்டுமே ‘நடுவிலுள்ள’ என்று பொருள்படும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். மூத்தது பழைய பிரெஞ்சு மொழியில் அலைந்து தேய்ந்து ‘மீன்’ என்று சுருங்கிற்று. தமிழில் எழுதினால் அது சந்தையில் விற்கும் மீனாகிவிடும். இளையது இலத்தீன் உருவத்தோடே ‘மீடியன்’ என்று நின்றது. இலங்கையின் தமிழ்ப் பாடநூலாசிரியர்கள் இந்த உறவை அறிந்தோ அறியாமலோ தமிழிலும் ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்களை எடுத்தார்கள்: இடை, இடையம். அழகான இணை. ஆனால் அவசரக்காரனான பத்திரிகையாளன் வழுக்கி விழுவதற்கும் அதுவே வசதி.

மூன்றாவது சொல்லான ஆகாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘மோட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முறை, பாங்கு, நடப்பு வழக்கு என்றெல்லாம் பொருளுண்டு. வடிவம் என்று பொருள்படும் வடசொல்லை எடுத்து நம்மவர்கள் அதற்கு ‘ஆகாரம்’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் உணவைக் குறிக்கும் இன்னொரு வடசொல்லும் தமிழில் ஆகாரம் என்றே எழுதப்படுவதால், பள்ளிப் பிள்ளைகள் அன்றுதொட்டு இன்றுவரை இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வருகின்றார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவை கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று வழங்குகின்றன. வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் இடத்தை முகடு என்பது மிகப் பொருத்தமான பெயர் என்பது என் கருத்து. ஆனால் ஒரு மாணவன் யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டுச் சென்னைக்குச் சென்றால், மூன்று சொற்களையும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

சொற்கள் பிந்தி வந்தவை. அவை குறிக்கும் கருத்துகளோ மிகப் பழையவை. கி.மு. 428ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் பிளாட்டியா என்ற கிரேக்க நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தது. உள்ளே சிக்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் பகைவர் எழுப்பிய மதிலை ஏறிக் கடந்து தப்பியோடத் தீர்மானித்தனர். அதற்கு ஏணி வேண்டும். மதிலின் உயரம் தெரியாமல் ஏணி செய்வது எங்ஙனம்? சாந்து பூசாத ஓரிடத்தில் செங்கல் வரிசைகள் கண்ணுக்குத் தெரிந்தன. தூரத்திலிருந்தே பலர் ஒரேநேரத்தில், மீண்டும் மீண்டும், வரிசைகளை எண்ணினார்கள். சிலர் பிழைவிடலாம், ஆயினும் பெரும்பாலோர் சரியான எண்ணை அடைவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த எண்ணைக் கொண்டு உயரத்தைக் கணித்து ஏணிகளைச் செய்தார்கள். 212 பேர் தப்பி ஏதென்ஸ் நகரை அடைந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியுள்ளார். இவர்கள் பயன்படுத்தியது கூட்டி வகுக்கும் சராசரியை அன்று. அதிகமானோர் சொன்ன எண்ணை. பெயர் சூட்டப்படுவதற்கு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆகாரம் உயிர்களைக் காத்திருக்கின்றது.

நம் பக்கத்திலும் இக்கணக்கு இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியர் இயற்றிய லீலாவதியில் அகழிகளும் குழிகளும் தோண்டும் கணக்கு வருகின்றது. நிலம் எங்கும் ஒரே ஆழமாகவோ அகலமாகவோ தோண்டப்படுவதில்லை. ஆகவே பல இடங்களில் அளந்து, அளவுகளைக் கூட்டி, இடங்களின் எண்ணிக்கையால் வகுக்குமாறு அந்நூல் கூறுகின்றது. 1545இல் அதற்கு உரையெழுதிய கணேசர், அளக்கும் இடங்கள் கூடக்கூட விடை உண்மையை நெருங்கும் என்று விளக்கினார். வெட்டிய மண்ணுக்குக் கூலி கொடுக்க வேண்டியவனுக்கு இடையே உகந்தது. அங்கே மொத்தம்தான் முக்கியம்.

இரண்டு நடுக்களும் வேறு வேறு என்பதை ஐரோப்பாவில் தெளிவாக எடுத்துரைத்தவர்கள் ஒல்லாந்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள். லண்டன் துணி வணிகரான ஜோன் கிரான்ட் 1662இல் அந்நகரின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பிறக்கும் 100 குழந்தைகளில் 64 பேர் 6 வயதைக் காண்பர். 40 பேர் 16 வயதைக் காண்பர். 25 பேர் 26 வயதைக் காண்பர் என்று அதில் ஓர் அட்டவணை இருந்தது. அதிற் பெரும்பகுதி ஊகமே. ஆயினும் அந்த ஊகம் புதியதொரு துறையைத் திறந்தது. 1669இல் லொடுவேக் ஹைகன்ஸ் அந்த அட்டவணையிலிருந்து, பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கக்கூடிய வாழ்நாள் ஏறத்தாழ 18 ஆண்டுகள் எனக் கணித்துத் தம் தமையனாருக்கு எழுதினார். தமையனார் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், சனிக்கோளின் வளையத்தை விளக்கிய பேரறிஞர். அவர் அட்டவணையை வேறுவிதமாக நோக்கினார். நூறு பேரில் ஐம்பது பேர் எந்த வயதில் மறைந்துவிடுகின்றனர் என்று கேட்டார். கிடைத்த விடை ஏறத்தாழ 11. தம்பி 18 என்கிறார். அண்ணன் 11 என்கிறார். இருவர் கணக்கும் சரி. வாழ்நாள் முழுவதும் ஆண்டுப்பணம் வழங்கும் ஒப்பந்தத்துக்கு விலை குறிக்கத் தம்பியின் எண் வேண்டும். ஒருவர் இன்ன வயதுவரை இருப்பாரா என்று பந்தயம் கட்டுவதற்குத் தம் எண் வேண்டும் என்று அண்ணன் தெளிவுபடுத்தினார். அந்தக் கடிதங்களை நான் அறிந்த நாளில் என் வடமராட்சி ஆசிரியரின் குரல்தான் காதில் ஒலித்தது. ஒன்றுக்கு இரண்டு சராசரி எப்படி வரும் என்ற அவருடைய கேள்விக்கு, இற்றைக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை எழுதப்பட்டிருக்கின்றது.

வாழ்நாள் பற்றிய இந்தக் கணக்கு இலங்கை வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கும் இன்றியமையாதது. 1946இல் இந்நாட்டில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 43 ஆண்டுகள். 1947இல் அது ஏறத்தாழ 52 ஆண்டுகள். ஒரே ஆண்டில் ஒன்பது வயது! உலகமே வியந்த மாற்றம் அது. மலேரியா ஒழிப்புக்கும் சுகாதார சேவைகளின் விரிவுக்கும் அதிற் பெரும் பங்குண்டு. அதற்காக, 1946இல் ஊரிலிருந்த பெரியவர்கள் அனைவரும் 43 வயதில் கண்ணை மூடினார்கள் என்றோ, அடுத்த ஆண்டு ஒவ்வொருவருக்கும் ஒன்பது ஆண்டுகள் கூடுதலாக அருளப்பட்டன என்றோ கொள்ளலாகாது. 1946இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 பேர் ஒரு வயதை எட்டுமுன் இறந்தனர். 1947இல் அது 101 ஆகக் குறைந்தது. தொட்டிலில் நேர்ந்த அம்மரணங்களே சராசரியைக் கீழே இழுத்து வைத்திருந்தவற்றுள் முதன்மையானவை. நம் பூட்டன்மார் எல்லோரும் நாற்பதில் இறந்தார்கள் என்று எழுதுகின்றவர்கள் அன்றைய வீடுகளில் பிள்ளைகளைப் புதைத்த தாய்மாரைக் கணக்கில் மறைத்துவிடுகின்றார்கள். எழுபது கடந்த கிழவர்களும் கிழவிகளும் அக்காலத்திலும் திண்ணையில் இருந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டு சராசரியின் பொற்காலம். பெல்ஜிய வானியலாளரான அடோல்ப் கெற்றலே 1835இல் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை உலகுக்கு வழங்கினார். வானியலாளர் ஒரு விண்மீனைப் பலமுறை அளந்து சராசரி எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று அழித்து உண்மை எஞ்சுகின்றதல்லவா? அதே முறையை மனிதர்மீது பிரயோகித்தார் அவர். ஸ்கொட்லாந்துப் படைவீரர் 5,738 பேரின் மார்பளவுகளை ஆராய்ந்தார். சராசரி மனிதனே இயற்கை எண்ணிய உண்மையான மனிதன் என்பதும், மற்றவர்கள் அதனின்று வழுவிய பிழைகள் என்பதும் அவர் சிந்தனையின் போக்கு. இங்கேதான் ஒரு பெரும் ஆபத்து நுழைந்தது. விண்மீன் ஒன்று, அதன் அளவுகளே பல. மனிதர்களோ பலர். அவர்களின் சராசரி எவருடைய முகமுமன்று.

பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கூர்னோ 1843இல் இதை ஓர் எளிய உவமையால் மறுத்தார். பல செங்கோண முக்கோணங்களின் பக்கங்களைத் தனித்தனியே சராசரி கண்டால், கிடைக்கும் பக்கங்களைக் கொண்டது பொதுவாகச் செங்கோண முக்கோணமாக இராது. நீங்களே செய்து பார்க்கலாம். 3, 4, 5 ஒரு செங்கோண முக்கோணம். 5, 12, 13 இன்னொன்று. பக்கங்களின் சராசரி 4, 8, 9. நான்கின் வர்க்கமும் எட்டின் வர்க்கமும் சேர்ந்து 80. ஒன்பதின் வர்க்கம் 81. செங்கோணம் போய்விட்டது! மக்களை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் பெறுமானத்துக்கு இடையம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை வழங்கியவரும் இதே கூர்னோதான். நூறாண்டுகள் கழித்து 1950இல் அமெரிக்க விமானப் படையினர் 4,063 விமானிகளின் உடலை அளந்தபோது, கில்பர்ட் டானியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டியிருக்கும் விமானி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்காக அமைக்கப்பட்ட இருக்கை எவருக்குமே முழுமையாகப் பொருந்தாத இருக்கை என்பது அப்போதுதான் தெரியவந்தது.

இடையத்துக்கு ஆங்கிலப் பெயர் சூட்டி 1881இல் பரப்பியவர் பிரான்சிஸ் கால்ட்டன். ‘நல்லினப் பெருக்கம்’ என்ற பெயரில் மனிதரை இனந்தரம் பிரிக்கும் கொடிய கோட்பாட்டுக்குப் பெயரிட்டவரும் அவரே என்பதை மறக்கலாகாது. 1907இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில், ஓர் எருதை வெட்டித் துப்புரவு செய்தபின் என்ன நிறை வரும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. செல்லுபடியான ஊகச் சீட்டுகள் 787. அவற்றின் இடையம் 1,207 இறாத்தல். உண்மை நிறை 1,198 இறாத்தல். மக்கள் தீர்ப்பு இவ்வளவு நெருங்கி வந்ததைக் கண்டு அவர் வியந்தார். சராசரியை விட்டு இடையத்தை ஏன் எடுத்தார்? ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நியாயத்தின்படி, மிகையான ஊகம் கூறும் ஒரு கிறுக்கன் முழு முடிவையும் தன் பக்கம் இழுத்துவிடக்கூடாது என்பது அவர் வாதம். பின்னர் ஒருவர் கேட்டதற்கிணங்க அவர் சராசரியையும் கணித்தார். அது 1,197. உண்மைக்கு ஓர் இறாத்தல் மட்டுமே குறைவு! இடையத்துக்காக வாதாடியவரின் கையாலேயே அன்று சராசரி வென்றது. எல்லா இடத்திலும் வெல்லும் நடு என்று ஒன்று இல்லை. கால்ட்டனின் வழிவந்த கார்ல் பியர்சன் 1895இல் மூன்றாவது நடுவுக்கு ‘மோட்’ என்று பெயரிட, மூவர் குடும்பம் நிறைவுற்றது.

இந்த வேறுபாடு உயிரோடு விளையாடக்கூடியது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் அரிய வகைப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. நூலகத்துக்குச் சென்று படித்தவர், அந்நோய் கண்டவர்களின் வாழ்நாள் இடையம் 8 மாதங்கள் என்றிருக்கக் கண்டார். வேறெவரும் ‘இன்னும் எட்டே மாதம்’ என்று விளங்கியிருப்பார்கள். கூல்ட் வேறு வகையில் வாசித்தார். பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறக்கின்றனர் என்றால் மறுபாதியினர் அதைத் தாண்டி வாழ்கின்றனர். அந்த மறுபாதியின் வால் எவ்வளவு நீளம் என்பதை இடையம் சொல்லாது. தம் வயதையும், நோய் கண்டறியப்பட்ட கட்டத்தையும், கிடைத்த சிகிச்சையையும் எண்ணி, தாம் அந்த நீண்ட வாலில் இருக்கக்கூடும் என முடிவுகட்டினார். 1985இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். அவர் காலமானது 2002இல், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், வேறொரு புற்றுநோயால். ஒரு சொல்லின் பொருளைச் சரியாக அறிந்திருந்தது அவரைக் குணப்படுத்தவில்லை. ஆனால் நம்பிக்கையிழந்து படுக்கையில் விழாமல் அது அவரைக் காத்தது.

மீண்டும் என் பிழைக்கு வருகின்றேன். 62,237 ரூபா என்பது இடை. 43,511 ரூபா என்பது இடையம். இலங்கையின் வீடுகளில் பாதி 43,511 ரூபாவோ அதற்குக் குறைவாகவோதான் ஈட்டின என்பது இரண்டாவது எண்ணின் பொருள். ஆகவே நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் ‘சராசரி’ வருமானத்தைத் தொடவேயில்லை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 18,726 ரூபா. ஆசிரியர் கேட்ட பதினெண்ணாயிரத்துச் சொச்சம் அதுதான். அது எங்கே இருந்தது? ஒழுங்கையின் ஏழாவது வீட்டில் இருந்தது. நாட்டின் மொத்த வீட்டு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி, மேல்மட்டத்து ஐந்திலொரு பங்கு வீடுகளுக்கே சென்றது என்பதும் அதே அளவீட்டின் முடிவு. 2019ஆம் ஆண்டு அளவீட்டில் இடை 76,414 ரூபா. இடையம் 53,333 ரூபா. வித்தியாசம் 23,081 ரூபாவாயிற்று. நேர்மையாகச் சொல்வதானால், விலைவாசியோடு இரண்டு எண்களுமே ஏறியிருந்தன. விகிதத்தை எடுத்தால் இரு ஆண்டுகளிலும் இடையானது இடையத்தை விட ஏறத்தாழ 43 சதவீதம் உயர்வு. மூன்றாண்டுகளில் அந்தப் பள்ளம் ஆழமாகவுமில்லை, தூர்க்கப்படவுமில்லை. இவையெல்லாம் 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்குகள் என்பதையும் வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

நான் இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டபோது அழிந்தது ஓர் எழுத்து வேறுபாடு மட்டுமன்று. செய்தியின் உயிரே அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது. அதை நானே என் கையால் மூடிவிட்டேன். முதற்பந்தியை மட்டும் வாசித்த ஒரு கூலித் தொழிலாளி, நாடு முழுவதும் அறுபதினாயிரம் உழைக்கின்றது, நான்தான் கையாலாகாதவன் என்று எண்ணியிருக்கலாம். அவர் பக்கத்தில் நாட்டின் பாதி நிற்கின்றது என்பதைச் சொல்லவேண்டிய சொல் என் மேசையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

அரசியல்வாதிகள் இந்தச் சொற்களைத் தெரிந்தே குழப்புவதுண்டு. வளர்ச்சியைப் பேச விரும்புபவர் இடையைச் சொல்வார்; வறுமையைப் பேச விரும்புபவர் இடையத்தைச் சொல்வார். இரண்டும் மெய்யே. எதைச் சொல்கின்றார் என்று கேட்பது பத்திரிகையாளரின் கடமை. சம்பளமாயினும், வீட்டு விலையாயினும், பரீட்சைப் புள்ளியாயினும், ‘சராசரி’ என்ற சொல் மேசைக்கு வந்தால் இளம் பத்திரிகையாளர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். கூட்டி வகுத்ததா? நடுவில் நின்றதா? அதிகம் பேரிடம் இருந்ததா? சப்பாத்துக் கடைக்காரர் எந்த அளவை அதிகம் கொள்வனவு செய்வது என்று பார்க்க மூன்றாவதே போதும். கூட்டுறவுச் சங்கம் மொத்தச் செலவைக் கணிக்க முதலாவது வேண்டும். சாதாரண மனிதர் எப்படி வாழ்கின்றார் என்று அறிய இரண்டாவதே உற்ற துணை.

அந்தக் கணித ஆசிரியர் இன்று உயிரோடில்லை. அன்றைய திருத்தம் வெளிவந்த நாளில் அவர் மீண்டும் அழைத்தார். நன்றி சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"கண்டனான் தம்பி. ஆனால் இடையம் எண்டால் என்னவெண்டு ஒருத்தருக்கும் விளங்கப் போறதில்லை. அதை ஒருநாள் வடிவாய் எழுதுங்கோ" என்றார்.

எழுதுகின்றேன் மாஸ்டர் என்று சொன்னேன். அதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன.